தோலில்லா மாமாவின் கை

படங்களுக்குச் சட்டம் போடுகிற சட்டக்காரர் கடையிலிருந்து படம் திரும்பி வந்த காலையில் பெரியக்கா நல்ல மனதோடுதான் இருந்தாள். பழைய போர்வையில் சுற்றிச் சணல் கட்டிய படத்தை, பிறந்த பிள்ளையை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவருகிற மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தம்பி மனைவி புதுசு உள்ளே வந்தாள். நாற்காலியில் சாய்த்து வைத்து முடிச்சை அவிழ்த்தாள்.

“பாருங்கக்கா, மாமா குளிச்சுட்டு வந்திருக்கார்.”

பெரியக்கா பார்த்தாள். மாமாவின் கை மாறியிருந்தது.

யார் இந்த மாமா என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் உங்களுக்கும் தலை சுற்றும். மாமா ஒரு படம். மிகப் பழைய அச்சுப் படம், செப்புத் தகட்டில் கீறி அச்சடித்து, அப்புறம் கையால் சிவப்புப் பூசியது. தோலை முழுக்க உரித்துப் போட்டுவிட்டு ஒரு மனிதர் நிற்பார். ஒரு கை வானத்தைப் பார்த்துத் தூக்கியிருக்கும். மற்றது தொடைப் பக்கம் விரிந்திருக்கும். ஒரு பாதம் உடைந்த கல்லின் மேல். தோளிலிருந்து முழங்கைக்கு, முழங்கையிலிருந்து விரலுக்கு என்று ஒவ்வொரு தசையும் முறுக்கின கயிறு போலத் தனித்தனியாகத் தெரியும். சிவப்பு நாளாவட்டத்தில் செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டது. உடம்பில் ஒரு பொட்டுத் தோல் கிடையாது, ஆனாலும் முகத்தில் மட்டும் கல்யாண வீட்டில் வரவேற்க நிற்பவரின் மரியாதை. பார்ப்பவர்கள் முதல் நாள் பயப்படுவார்கள், மறுநாள் “தோலில்லா மாமா” என்பார்கள்.

பெரியக்காவின் அப்பா கை கால் விழுந்தவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற பிசியோ. வீட்டின் முன்னறையையே பயிற்சிக்கூடமாக்கியவர். வேலையை விட்டுப் போன ஒரு சர்ஜன் கொடுத்த படம் அது. அப்பாவுக்குப் பிறகு பெரியக்கா கூடத்தை எடுத்து நடத்தினாள். கல்யாணம், குழந்தை என்று எதற்கும் அவள் நின்று பார்க்கவில்லை. தம்பி ஒரு அலுவலகத்தில் வேலைக்குப் போனான். அவன் கட்டிக்கொண்டு வந்தவள் அதே பிசியோ படிப்புப் படித்திருந்தாள். வந்த புதிதில் “புதுசா வந்திருக்காங்களே, அவங்க கிட்ட போங்க” என்று நோயாளிகளை அனுப்பியதில் அவள் பெயர் புதுசு என்றே நின்றுவிட்டது. இப்போது காதோரம் நரைத்துவிட்டது, பெயர் மட்டும் பழசாகவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். புதுசை நம்பித்தான் பெரியக்கா நின்றாள். ஆளைத் தூக்கி நிறுத்த அவளுக்கு இப்போதெல்லாம் முதுகு ஒத்துழைக்கவில்லை. கூடத்தைப் புதுசு கையில் கொடுத்துவிட வேண்டும் என்று மனதுக்குள் முடிவும் செய்திருந்தாள். புதுசு இல்லையென்றால் கூடம் இல்லை. ஊரின் பெரிய ஆஸ்பத்திரி ஒன்று புதுசை வா வா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அவள்தான் “அக்காவை விட்டுட்டு எங்க போறது” என்று தட்டிக்கொண்டே வந்தாள்.

அப்படிப்பட்டவள் அவிழ்த்து வைத்த படத்தில்தான் கை மாறியிருந்தது.

“இது நம்ம படம்தானா?” என்றாள் பெரியக்கா.

“பின்ன, பக்கத்து வீட்டுப் படமா?” புதுசு சிரித்தாள். “கரையான் அரிச்ச பலகையைத் தூக்கிப் போட்டுட்டு புதுப் பலகை வெச்சிருக்கார். சட்டம் அதேதான். கண்ணாடியைக் கழுவி மாட்டியிருக்கார்.”

“தூக்கின கை வலப்பக்கம்ல இருக்கும்? இது இடப்பக்கமா இருக்கே.”

புதுசு ஒரு நொடி படத்தைப் பார்த்தாள். “எப்பவும் இப்படித்தானேக்கா இருந்துச்சு.”

அந்த ஒரு நொடிதான் வினை. கேட்டதும் பதில் சொல்லியிருந்தால் ஒன்றுமில்லை. ஏன் யோசித்தாள்? யோசிக்க என்ன இருக்கிறது? சந்தேகம் என்பது வீட்டுக்குள் நுழைந்த எலி மாதிரி, கண்ணுகளா. வாலைப் பார்த்த பிறகு எந்தச் சத்தமும் எலிச் சத்தம்தான்.

பெரியக்கா குனிந்து பார்த்தாள். படத்தின் கீழ்மூலையில் தேநீர் நிறத்தில் ஒரு பழைய ஈரக்கறை உண்டு. இடது மூலையில் இருந்தது அது. இப்போது வலது மூலையில் இருந்தது. கறை இருப்பதால் இது பழைய படம்தான் என்று வேறு யாராவது சமாதானம் ஆகியிருப்பார்கள். பெரியக்காவுக்கு வேறு மாதிரி தோன்றியது. அடேயப்பா, எவனோ கறையைக்கூட விடாமல் நகல் எடுத்திருக்கிறான், ஆனால் அவசரத்தில் பக்கம் மாறிப்போச்சு!

“மாட்டிடட்டுமாக்கா?”

“இருக்கட்டும். ஆணி ஆடுது. அப்புறம் பார்க்கலாம்.”

ஆணி ஆடவில்லை. பெரியக்கா படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள்.

பத்து மணிக்கு டிரைவர் வந்தார். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். தோள்மூட்டு இறுகிப் போய் கை காதுக்கு மேல் ஏறாமல் வந்தவர். அவர் பின்னாலேயே முழங்கால் வலியோடு டீச்சர். இரண்டு பேரும் வருஷக்கணக்கில் வந்து போகிறவர்கள். வலி குறைந்தாலும் பேச்சுக்காக வருவார்கள்.

புதுசு உள்ளே வெந்நீர் ஒத்தடத்துக்குப் போன நேரம் பார்த்து, பெரியக்கா சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டாள். “டிரைவரே, நம்ம மாமா எந்தப் பக்கத்துக் கையைத் தூக்கியிருப்பார்?”

“இதோ இந்தப் பக்கம்.” டிரைவர் தன் வலது கையைத் தூக்கிக் காட்டினார், முடிந்த வரைக்கும். “நானும் அவரும் ஒரே பக்கம்தானே தூக்குவோம். அவருக்கு ஏறும், எனக்கு ஏறாது. அவ்வளவுதான் வித்தியாசம்.”

“டீச்சர்?”

“வலப்பக்கம். இதுல என்ன சந்தேகம்?”

பெரியக்கா படத்தைத் திருப்பினாள். டிரைவர் கிட்டே வந்து குனிந்தார்.

“அட! மாமா கட்சி மாறிட்டாரா?”

“சத்தம் போடாதீங்க.”

“இது வேற ஆளுங்க. கீழ எழுத்து கூட வேற. முன்ன என்னமோ புரியாத பாஷைல இருந்துச்சு. இது இங்கிலீஷ் எழுத்து மாதிரில்ல இருக்கு?” டிரைவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். “இருங்க, ஆதாரம் இருக்கு. என் மருமக போன மாசம் எடுத்தது.”

படத்தில் டிரைவர் கையைத் தூக்கி இளித்துக்கொண்டிருந்தார். அவர் தலைக்கு மேலே, பின்சுவரில், மாமா. இரண்டு பேர் கையும் வலப்பக்கம்தான் உயர்ந்திருந்தது. தனக்கு ஞாபகம் தப்பியிருக்கலாம் என்று இதுவரை ஒரு மூலையில் வைத்திருந்த ஆறுதலும் போயிற்று.

“புதுசுதானே எடுத்துட்டுப் போனாங்க?” என்றார் டீச்சர் மெதுவாக. கேட்ட விதத்திலேயே பதிலும் இருந்தது.

அப்போதுதான் பெரியக்காவுக்குப் பழஞ்சாமான் கடைக்காரர் ஞாபகம் வந்தார். போன மழைக்காலத்தில் முதுகுவலி என்று வந்தவர். முதுகைக் காட்டியதைவிடப் படத்தைப் பார்த்ததுதான் அதிகம். அதற்கப்புறம் வலி இல்லாமலே ஒரு முறை வந்தார். வாசலில் நின்று புதுசு அவரிடம் குரலைத் தாழ்த்தி ஏதோ பேசினாள். பெரியக்கா எட்டிப் பார்த்ததும் பேச்சு அறுந்தது. அவர் கடை எங்கே இருக்கிறது? சட்டக்காரர் கடைக்கு அடுத்த கதவு. சரிதான். கரையான் கூடவா சொல்லி வைத்து வந்தது?

மத்தியானம் பெரியக்கா குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

சட்டக்காரர் வாயில் நாலு சின்ன ஆணிகளைக் கவ்விக்கொண்டு வேலை செய்கிறவர். கேள்வி கேட்டால் ஆணிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்துவிட்டுத்தான் பதில் வரும். அதுவரை கேட்டவருக்குப் பொறுமை வேண்டும்.

“அம்மா, வந்த காகிதம்தான் போயிருக்கு. நான் பலகையை மாத்தினேன். காகிதத்தைத் தொட்டதோட சரி.”

“கை மாறியிருக்கே?”

“யார் கை?”

“படத்துல இருக்கறவர் கை!”

சட்டக்காரர் ஆணிகளைத் திரும்ப வாயில் போட்டுக்கொண்டார். அது ஒரு பதில்தான்.

அடுத்த கடை வாசலில் பழஞ்சாமான்காரர் ஒரு பித்தளை விளக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தார். காதில் விழுந்திருக்க வேண்டும். “வாங்கம்மா, வாங்கம்மா. அந்தத் தசைப் படமா? அருமையான படம். ஒண்ணு சொல்றேன், கேட்டுக்குங்க. பழைய அச்சுப் படத்தைப் பார்த்து இன்னொருத்தன் தகட்டுல அப்படியே கீறினான்னா, அச்சடிக்கும்போது இடம் வலமாயிடும், வலம் இடமாயிடும். அந்தக் காலத்து நகலெல்லாம் அப்படித்தான். கை மாறியிருக்குன்னா…” என்று இழுத்து, மிச்சத்தை விளக்கிடம் சொல்வது போலத் தேய்த்தார்.

“என் தம்பி பொண்டாட்டி உங்ககிட்ட இந்தப் படத்தைப் பத்திப் பேசினாளா?”

“பேசினாங்களே.” அவர் சிரித்த சிரிப்பு பெரியக்காவுக்குப் பிடிக்கவில்லை. “என்ன பேசினாங்கன்னு அவங்களையே கேளுங்க. குடும்ப விஷயம்.”

திரும்பி நடந்த தெருவில் எந்தக் கடையில் என்ன இருந்தது என்று பெரியக்காவைக் கேட்டால் சொல்லியிருக்க மாட்டாள். நகல் எடுத்தால் பக்கம் மாறும். இதைவிட என்ன சாட்சி வேண்டும்? அப்பா தொட்டுத் தொட்டுக் காட்டிய படம். இன்று எவன் வீட்டு வரவேற்பறையிலோ தொங்குகிறது. திருட்டுப் போனது படம் மட்டுமா? மகள் மாதிரி வைத்திருந்தோமே என்ற நினைப்பும் சேர்ந்துதானே போயிற்று.

அதற்கப்புறம் இரண்டு மூன்று நாள் அவள் புதுசை வேலையில் கவனித்தபடியே இருந்தாள். புதுசு சிரித்தால், எதை மறைக்கச் சிரிக்கிறாள்? சும்மா இருந்தால், குற்ற மனசு குறுகுறுக்குது. புதுச் செருப்பு போட்டு வந்தாள்; செருப்புக்குப் பணம் எங்கிருந்து வந்தது? தம்பி வாங்கிக் கொடுத்திருப்பான் என்று மனதின் ஒரு பாதி சொன்னது. மறுபாதி, “அப்படியும் இருக்கலாம்” என்றது. அந்த “லாம்” இருக்கிறதே, அதில்தான் விஷம்.

கடைசியில் சாயங்காலம் கூடத்தைப் பூட்டுகிற நேரத்தில் வெடித்தது.

“கூடத்துச் சாவியைக் கொடு.”

புதுசு இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். “ஏன்க்கா, உங்க சாவி தொலைஞ்சுடுச்சா?”

“என் சாவி இருக்கு. உன்னோடது இனிமே வேண்டாம்.”

தம்பி அப்போதுதான் அலுவலகத்திலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான். ஒரு காலில் செருப்போடு அப்படியே நின்றான்.

“என்னாச்சுக்கா?”

“உன் பொண்டாட்டியைக் கேளு. பழஞ்சாமான்காரன்கிட்ட வாசல்ல நின்னு என்ன குசுகுசுன்னு பேசினாள்னு கேளு. அப்பா படம் எங்க போச்சுன்னு கேளு.”

புதுசின் முகம் வெளுத்ததைப் பெரியக்கா பார்த்தாள். பார்த்தாயா, பிடிபட்டதும் வெளுக்குது என்று நினைத்தாள். அநியாயப் பழி விழுந்தாலும் முகம் வெளுக்கும் என்பது அப்போது தோன்றவில்லை.

“இந்த வீட்டுல அதை விக்க மாட்டாங்க, அக்கா காதுல விழுந்தா வருத்தப்படுவாங்க, இனிமே வராதீங்கன்னு சொன்னேன்,” என்றாள் புதுசு. “அதான் மெதுவா பேசினேன்.”

“நல்லா ஜோடிச்சிருக்கே.”

“அக்கா!” என்றான் தம்பி.

“நீ சும்மா இருடா. டிரைவர் பார்த்தார், டீச்சர் பார்த்தாங்க, போட்டோ இருக்கு. மூணு பேர் கண்ணும் பொய், இவ ஒருத்தி கண்ணுதான் மெய்யா?”

“வாரா வாரம் ஸ்டூல் போட்டு ஏறித் தூசி தட்டினவ நான்தான்க்கா,” என்றாள் புதுசு. குரல் உயரவில்லை. “வேற யாரும் அதுக்குக் கிட்ட போனதில்ல. மாமா மூஞ்சிக்கு நேரா நின்னு தட்டியிருக்கேன். அந்தக் கை இடப்பக்கம்தான்.”

அவள் பதிலுக்குக் கத்தியிருக்கலாம். கத்தாமல் பின்கட்டுக்குப் போனாள். சற்றுக் கழித்து தம்பி வந்து, “ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணிட்டா. திங்கக்கிழமை வரச் சொல்லிட்டாங்க. திருப்திதானே?” என்று மட்டும் சொன்னான். முகத்தைப் பார்க்கவில்லை.

திருப்தியா? பெரியக்காவுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் இவ்வளவு தூரம் வந்த பிறகு பயத்தைக் காட்ட முடியுமா? நாலு பேர் பார்க்கட்டும், நியாயம் என் பக்கம்தான் என்று ஆகட்டும் என்று ஒரு வீம்பு. மறுநாள் காலையில் ஏணியை இழுத்துப் போட்டுத் தானே ஏறி, படத்தை அதன் பழைய இடத்திலேயே மாட்டினாள். பின்சுவரில், அலமாரிக்கு மேலே, உச்சியில். தம்பி பத்து மணிக்குத் தாமதமாகக் கிளம்புகிற நாள் அது, நோயாளிகள் இருக்கும்போதே அவனைக் கூட்டி வந்து, “இதோ பார், நம்ம அப்பா படமா இது?” என்று கேட்பதாகத் திட்டம். ஏணியிலிருந்து இறங்கி நிமிர்ந்தால், ஜன்னல் வெளிச்சம் சட்டக் கண்ணாடியில் பளீரென்று அடித்தது. எப்போதும் அப்படித்தான் அடிக்கும்.

டிரைவர் வந்துவிட்டார். அவர் தோளுக்கு நேரம் தவறக்கூடாது. கூடத்தின் முன்சுவர் முழுக்க நிலைக்கண்ணாடி. வருகிறவர்கள் அதைப் பார்த்தபடிதான் ஸ்டூலில் உட்கார வேண்டும். தோள் கோணுகிறதா, நேராக ஏறுகிறதா என்று அவரவர் கண்ணே சொல்ல வேண்டும். பெரியக்கா வழக்கம் போல அவர் பின்னால் நின்று, ஒரு கையைத் தோள்பட்டை எலும்பில் வைத்து, மறுகையால் முழங்கையைத் தாங்கினாள்.

“தூக்குங்க. மெதுவா. மாமா மாதிரி.”

சொல்லிக்கொண்டே, அத்தனை வருஷமாகச் செய்தது போலவே, நிலைக்கண்ணாடிக்குள் மாமாவைத் தேடிப் பார்த்தாள்.

மாமா கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். வலப்பக்கம்.

முதலில் என்ன நினைத்தாள் தெரியுமா? நான் ஏணியை வைக்கப் போன இடைவெளியில் இவள் அசல் படத்தைக் கொண்டுவந்து மாட்டிவிட்டாளா! மாட்டியது தன் கைதான் என்பது அப்புறம்தான் உறைத்தது. சந்தேகத்துக்கு எவ்வளவு கெட்டியான உயிர் பாருங்கள்.

தலையைத் திருப்பிப் பின்சுவரைப் பார்த்தாள். பளபளப்புக்குள் கண்ணைச் சுருக்கினால், இடப்பக்கம். முன்னால் திரும்பினாள். வலப்பக்கம். மறுபடி பின்னால். மறுபடி முன்னால்.

“என்னக்கா, இன்னிக்குக் கழுத்துப் பயிற்சியா?” என்றார் டிரைவர்.

“போனைக் கொடுங்க.”

போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தாள். டிரைவரின் சட்டைப் பை வலது மார்பில் இருந்தது. நேரில் உட்கார்ந்திருந்த டிரைவரின் பை இடது மார்பில் இருந்தது. அந்த மருமகள் எடுத்தது மாமனாரை அல்ல, கண்ணாடிக்குள் இருந்த மாமனாரை.

கூடத்துக்கு வந்தவர் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் முன்சுவரைப் பார்த்து நின்றவர்கள். மாமாவைக் கண்ணாடிக்குள்தான் கண்டார்கள். அப்பா தொட்டுக் காட்டியதும் ஒரு நீளக் குச்சியால் கண்ணாடியைத் தொட்டுத்தான். நேருக்கு நேர் நின்று பார்த்தவள் தூசி தட்டியவள் ஒருத்திதான். அவளைத்தான் பொய்க்காரி என்றார்கள்.

டிரைவர் இதை இன்னும் கவனிக்கவில்லை. தம்பி இன்னும் வரவில்லை. படத்தைக் கழற்றி உள்ளே போட்டுவிட்டு, ‘போனது போகட்டும், மன்னிச்சுட்டேன்’ என்று பெரிய மனுஷியாகச் சொல்லிவிடலாம். யாருக்கும் தெரியப் போவதில்லை. அந்த நினைப்பு வந்தது, வராமல் இல்லை. வந்த வேகத்திலேயே அவளுக்கு அருவருப்பாகவும் இருந்தது.

“டிரைவரே, ஸ்டூலைத் திருப்பிப் போட்டு உட்காருங்க. மாமாவைப் பாருங்க. அப்புறம் கண்ணாடியைப் பாருங்க.”

அவர் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். “அடக் கடவுளே,” என்றார். “நான் சொன்னதை வெச்சா அந்தப் பொண்ணு மேல சந்தேகப்பட்டீங்க?”

“நீங்க சொல்லாட்டியும் சந்தேகப்பட்டிருப்பேன்,” என்றாள் பெரியக்கா.

புதுசு பின்கட்டில் துணி பிழிந்துகொண்டிருந்தாள். பெரியக்கா சொல்லி முடிக்கும் வரை அவள் பிழிவதை நிறுத்தவில்லை. கண்ணாடி, வெளிச்சம், சட்டைப் பை எல்லாவற்றையும் பெரியக்கா ஒன்று விடாமல் சொன்னாள். பழஞ்சாமான்காரனிடம் போனதையும் சொன்னாள். தம்பி கதவருகில் நின்று கேட்டான்.

“டிரைவர்கிட்ட சொல்லிட்டேன். டீச்சர் வந்ததும் சொல்றேன். தப்பு என்னோடதுதான்,” என்றாள் பெரியக்கா.

புதுசு ஒரு தலையணை உறையை உதறினாள். “கண்ணாடியில அப்படித் தெரியும்னு எனக்கும் தோணல. தோணியிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேன்.”

“தெரியும்மா.”

“ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லுங்க. இன்னிக்குப் படத்தை மாட்டாம இருந்திருந்தா?”

பெரியக்கா குனிந்து வாளியிலிருந்து ஒரு துணியை எடுத்துப் பிழிந்தாள்.

“அதான்க்கா.” புதுசு உறையைக் கொடியில் போட்டாள். “திங்கக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போறேன். வரேன்னு வாக்குக் கொடுத்துட்டேன். காலையில அங்க. சாயங்காலம் இங்க வரேன், டிரைவரோட தோள் பாதியில நிக்குது. அதை விட்டுட்டுப் போக முடியாது.”

“கூடத்தை உன் பேருக்கே…”

“இப்ப அதைப் பேசாதீங்க. இப்ப கொடுத்தா கூலி கொடுக்கற மாதிரி இருக்கும்.”

தம்பி வாயைத் திறந்தான். புதுசு அவனைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

திங்கட்கிழமை காலை பெரியக்கா தனியாகவே ஆளைத் தூக்கினாள், இறக்கினாள். டீச்சரிடம் சொல்ல வேண்டியதைச் சொன்னாள். டீச்சர் கண்ணாடியையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தானும் மெதுவாக ஒரு வார்த்தை விட்டது ஞாபகம் வந்து, அன்று பேச்சுக்கு உட்காராமல் போய்விட்டார்.

சாயங்காலம் புதுசு வந்தாள். பின்கட்டிலிருந்து சமையலறை வழியாக எப்போதும் வருவது போல வரவில்லை. தெருவைச் சுற்றிக்கொண்டு வாசல் வழியாக வந்தாள், வெளியிலிருந்து வேலைக்கு வருகிறவர்கள் வருவது போல. செருப்பைப் படிக்குக் கீழே நோயாளிகளின் செருப்புகளோடு விட்டாள். உள்ளே வந்து கையைக் கழுவித் துடைத்தாள்.

“முதல்ல யாரு?” என்றாள், பொதுவாக.

பெரியக்கா டிரைவரின் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டு நகர்ந்து இடம் விட்டாள்.